புள்ளி கடிதமில்லை

போஸ்ட்டம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. நான் மட்டுமில்லை, திருக்கோகர்ணத்தில் எங்கள் பக்கத்துத் தபால் ஆபீஸுக்குப் போய்வந்த யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, நாம் நீட்டுகிற கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பின்கோடு இல்லையா, கவர் திரும்பி வந்துவிடும். பசை சரியாக ஒட்டவில்லையா, அதற்கும் திரும்பி வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் "அடுத்தாளு வாங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அவருக்கென்று ஒரு பேர் இருந்தது, கவுண்டர் பலகையில் எழுதியும் இருந்தது. ஆனால் எங்கள் தெருவுக்கு அவர் போஸ்ட்டம்மாதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு சிரிப்பு நாடகத்தை ஊர் ஊராகச் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? என் வீட்டுக்காரி இன்னும் நம்பவில்லை.

நான் புதுக்கோட்டையிலிருந்து மணமேல்குடி போகிற பஸ்ஸில் கண்டக்டர். இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டே பிழைப்பு. சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்கிப் போய்விடும். 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே வெறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் பையில் மடித்து வைத்திருக்கிற பழைய வாரப் பத்திரிகை எதையாவது விரித்து வைத்துக்கொள்வேன். படிக்கிறேன் என்று பேர், பாதி நேரம் தூக்கம்தான்.

மகளின் அப்ளிகேஷனை அனுப்பப் போன ஒரு நாள், வரிசையில் நின்றபடி அந்தப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் முறை வந்ததும் போஸ்ட்டம்மா அப்ளிகேஷனைப் பார்க்கவில்லை, பத்திரிகையைப் பார்த்தார்.

"படிக்கிற பழக்கம் இருக்கா?"

"கையில எது கெடைக்குதோ அது மேடம்."

"கண்டக்டரா இருக்கீங்க. எந்த ரூட்டு?"

"மணமேல்குடி."

கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். "வீட்டு அட்ரஸ எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஒரு புக்கு வரும்."

இரண்டு வாரம் கழித்து வந்தது. அறந்தாங்கியிலிருந்து யாரோ ஒரு நர்ஸ் அனுப்பியிருந்தார். கவரின் வாய் ஒட்டாமல் வெறுமனே உள்ளே மடித்துவிட்டிருந்தது. மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதியிருந்தது, புத்தகம் மட்டும் குறைந்த கட்டணத்தில் போகிற வகை. உள்ளே ஒரு குட்டிப் புத்தகம். முன்னாளில் நாங்கள் வைத்திருந்த டிக்கெட் கட்டு இருக்குமே, அந்த அளவுதான், சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. முன் அட்டையும் முதல் நாலைந்து பக்கமும் எப்போதோ போய்விட்டன. அதனால் நாடகத்தின் பேரும் தெரியாது, எழுதியவன் பேரும் தெரியாது. ரொம்பப் பழைய காலத்துக் கிரேக்க நாடகம் என்பது மட்டும் பின்னட்டையில் தெரிந்தது. பிய்ந்துபோன முன் அட்டைக்குப் பதில் காக்கித்தாள் ஒட்டி, அதன் உள்பக்கத்தில் ஏழு முகவரியை வரிசையாக எழுதியிருந்தார்கள். கறம்பக்குடியில் ஒரு விதைக்கடைக்காரர், ஆலங்குடியில் ஒரு டீச்சர் என்று போய், ஐந்தாவது அந்த நர்ஸ், ஆறாவது நான், ஏழாவது மணமேல்குடியில் ஒரு உரக்கடைக்காரர். அவர் படித்து முடித்துப் போஸ்ட்டம்மாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே பொடிப்பொடியாக மூன்று வரி.

'பத்து நாளில் படித்து அடுத்தவருக்கு அனுப்பவும். புக் போஸ்ட்டில் கடிதம் வைக்கக் கூடாது. சிரித்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்கலாம்.'

எனக்கு எரிச்சல்தான் வந்தது. டூட்டியில் ஏறி இறங்கும் ஆள்களை எண்ணுவது போதாதென்று, வீட்டில் வந்து சிரித்த இடத்தை எண்ண வேண்டுமா? அந்தச் சமயம் என் வீட்டுக்காரிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி அவள் கட்டிலில் கிடந்தாள். சோறாக்குவது, துணி துவைப்பது, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது எல்லாம் நான். நாலு பக்கம் படித்தேன். ஒரு கிழவனின் கழுதையைப் போருக்கு வேண்டுமென்று பட்டாளத்தார் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கிழவன் கழுதையைக் கேட்டு நகரத்துக்குப் போகிறான். அதற்குள் அங்கே கழுதையைத் தளபதி ஆக்கிவிட்டார்கள். இவ்வளவுதான் படித்தேன். பத்தாவது நாள், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று புள்ளியை வைத்து மணமேல்குடிக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் ஸ்டாம்ப் வாங்கப் போனபோது போஸ்ட்டம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பிழைதிருத்தத்துல சிரிச்சிருக்கீங்க."

எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். அச்சுப் பிழைகளின் பட்டியல். 'முப்பத்தோராம் பக்கம்: கழுத்து என்பதைக் கழுதை என்று திருத்திப் படிக்கவும்' என்ற வரிக்குப் பக்கத்தில் என் புள்ளி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இத்தன பேரு படிச்சும் அந்தப் பக்கத்துல சிரிச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்றார். முகம் அப்படியே இருந்தது. கிண்டலா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு சொன்னார்: "முடியலைன்னா முடியல, சும்மா அனுப்புங்க. யாரும் ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பொய்ப் புள்ளி மட்டும் வேணாம்."

அதற்குப் பிறகு புத்தகம் வந்தால் புரட்டிப் பார்ப்பேன், புள்ளி வைக்க மாட்டேன். ஆனால் மற்றவர்கள் வைத்த புள்ளிகளைப் பார்க்கப் பிடிக்கும். டீச்சர் வரிக்குக் கீழே ஊசி முனையளவு வைப்பார். விதைக்கடைக்காரர் கடுகு அளவு வைப்பார், அதுவும் கிழவனின் பெண்டாட்டி திட்டுகிற இடங்களில் மட்டும். ஏழாவது ஆள், அந்த உரக்கடைக்காரர், பென்சிலை எச்சில் தொட்டு வைப்பார் போலிருக்கிறது, புள்ளி கருகருவென்று பக்கத்தின் மறுபுறம் வரைக்கும் இறங்கியிருக்கும். அவர் எப்போதும் கழுதை பேசுகிற இடத்தில்தான் வைப்பார். வேறெங்கும் வைக்க மாட்டார்.

ஒருநாள் கேட்டேன். "எதுக்கு மேடம் இவ்வளவு சிரமம்? ஃபோட்டோ புடிச்சு வாட்சப்புல போட்டா ஏழு பேரும் ஒரே நாள்ல படிச்சிரலாமே. ஒரு வரி எழுதியும் வைக்கலாம்."

"வாட்சப்புல யாரு அனுப்புனாங்கன்னு தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன?"

"புக் போஸ்ட்டில கடுதாசி வைக்கக் கூடாது. புள்ளி கடுதாசி இல்ல. அதுனால புள்ளி வைக்கலாம்" என்று ரூல் புத்தகத்தைப் படிப்பதுபோலச் சொல்லிவிட்டு, "அடுத்தாளு வாங்க" என்றார்.

ஒருமுறை ஆலங்குடி டீச்சர் தெரியாத்தனமாக 'பொங்கல் வாழ்த்துகள்' என்று ஒரு சின்னச் சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாராம். போஸ்ட்டம்மா அந்தச் சீட்டைத் தனிக் கவரில் போட்டு, தன் கையிலிருந்து ஸ்டாம்ப் ஒட்டி டீச்சருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். இதை அவரே என்னிடம் சொன்னார், ஒரு தப்பைச் சரிசெய்த நிம்மதியோடு. ஒரு வாழ்த்துக்குக்கூட இடமில்லாத மனசா என்று எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது.

நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. டிப்போவில் ஆள் பற்றாக்குறை, எனக்கு டபுள் டூட்டி. அந்தச் சமயத்தில்தான் புத்தகம் வந்தது. நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று பைக்குள் போட்டு வைத்தேன். அதன்மேல் டிரிப் ஷீட் விழுந்தது, மாத்திரை அட்டை விழுந்தது. பத்து நாள் இருபதாயிற்று, இருபது முப்பதாயிற்று. தினமும் மணமேல்குடிக்குப் போய்வருகிறவன் நான். அந்தப் புத்தகம் என் இடுப்பிலேயே மணமேல்குடிக்குப் போய் என்னோடேயே திரும்பி வந்துகொண்டிருந்தது.

போஸ்ட்டம்மா ஒரே ஒருமுறைதான் கேட்டார். "புக்கு ஒங்ககிட்டயா இருக்கு?"

பின்னால் பெரிய வரிசை. எனக்கு அலுப்பு, வெயில். "அப்பவே அனுப்பிட்டேன் மேடம்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் அதுதான் வந்தது.

"அப்ப அங்கிட்டுப் போயிருக்கும்" என்றார். அதற்கப்புறம் நான் போகிற போதெல்லாம் பார்த்தேன். தபால் பை பிரிக்கிற இடத்துக்கு அவரே எழுந்து போய், ஒட்டாத கவர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். அதைப் பார்த்த பிறகும் ஒரு வாரம் கழித்தேன். எனக்கே என்மேல் ஆத்திரமாக இருக்கிறது, இப்போது நினைத்தாலும்.

நாற்பத்தெட்டாவது நாள் பையைக் கொட்டிச் சுத்தம் செய்யும்போது புத்தகம் கையில் வந்தது. இனிமேல் தபாலில் போட்டால் முத்திரைத் தேதி காட்டிக்கொடுத்துவிடும். நேரில் கொடுத்துவிடலாம் என்று, மணமேல்குடியில் வண்டி நிற்கிற நாற்பது நிமிஷத்தில் அந்த முகவரியைத் தேடிப் போனேன். உரக்கடை பூட்டியிருந்தது. பின்பக்கம்தான் வீடு. ஒரு அம்மா வெளியே வந்தார். நெற்றியில் பொட்டில்லை.

"யாருங்க? கடை இப்பத் தொறக்கிறதில்லயே."

புத்தகத்தை நீட்டினேன். அதைக் கையில் வாங்காமலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பக் கொண்டாரீங்களே அண்ணே" என்றார். "அவுக போயி பதினெட்டு நாளாச்சு. முந்தாநாள்தான் காரியம் முடிஞ்சுது. படுக்கையில கெடந்துக்கிட்டு நெதமும் கேட்டாக. தபாலு வந்துச்சா, புக்கு வந்துச்சான்னு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் சொன்னார். போஸ்ட்டம்மா இவர் வீட்டுக்காரரின் தங்கச்சி. இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். அண்ணன்காரர் அன்றைக்கே வாசலில் நின்று, ஒன் காலும் இங்க வரக் கூடாது, ஒன் கடுதாசியும் இங்க வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு வந்த கடிதத்தையெல்லாம் பிரிக்காமலே கிழித்துப் போட்டார். போனை எடுக்கவில்லை.

"இந்தப் பொஸ்தகம் மொதமொத வந்தப்பவும் கிழிக்கத்தான் போனாக. அனுப்புனது யாரோ எவரோ. உள்ள கடுதாசி இருக்கான்னு ஒதறிப் பாத்தாக. ஒண்ணுமில்ல. அப்பறம் படிச்சாக. சின்னப் புள்ளைல அண்ணனும் தங்கச்சியும் இத வச்சுக்கிட்டு நாடகம் போடுவாகளாம். இவுக கெழவன், அது கழுத. வீட்ட விட்டுப் போனப்ப அது எடுத்துக்கிட்டுப் போனது இது ஒண்ணத்தானாம்."

"அவங்களுக்குச் சொல்லி விட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பெரியவுக வேணாமுன்னுட்டாக. எங்கிட்ட நம்பரும் இல்ல." உள்ளே போய் ஒரு கவரோடு வந்தார். "புக்கு வந்தா ஒடனே போட்டுறணும்னு முன்னாடியே எழுதி வச்சிருந்தாக. ஸ்டாம்பும் ஒட்டியாச்சு. நீங்களே போட்டுருங்க அண்ணே."

கவரில் போஸ்ட்டம்மாவின் பேர், முகவரி. எழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் பின்கோடு வரைக்கும் சரியாக இருந்தது.

தபால் பெட்டிக்கு முன்னால் நின்று புத்தகத்தை விரித்தேன். கழுதை பேசுகிற பக்கத்தை எடுத்தேன். பென்சிலை எச்சில் தொட்டுக் கருகருவென்று ஒரு புள்ளி வைத்துவிட்டால் என்ன? அண்ணன் சிரித்தான் என்று போஸ்ட்டம்மா நிம்மதியாக இருக்கட்டுமே. பென்சில் நுனியை நாக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். பொய்ப் புள்ளி மட்டும் வேணாம் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பென்சிலைப் பையில் போட்டேன். திருக்கோகர்ணத்துக்கே போகிறவன் கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். முகத்தைப் பார்க்கப் பயம். பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்து விசில் ஊதினேன்.

நாலாவது நாள் தபால் ஆபீஸுக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டமில்லை. போஸ்ட்டம்மா என்னைப் பார்த்ததும் தானாகப் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"புக்கு வந்துருச்சு கண்டக்டர். இந்தத் தடவ ரொம்பத் தாமசம், ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன். புள்ளிதான் இல்ல. பரவாயில்ல, கவரு வந்துருச்சுல்ல." டிராயரை இழுத்தார். உள்ளே பழைய கவர்கள், தேதிவாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. "எங்கண்ணன். எனக்கு ஒரு வரி எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணுனவன். ஆனா புக்கத் திருப்பி அனுப்பணும்னா அவன் கையால எம்பேர எழுதித்தான ஆகணும்? ஒவ்வொரு சுத்துக்கும் எழுதுறான் பாருங்க."

ஏழு பேர், பத்து நாள், காக்கித்தாள், பென்சில், எல்லாம் இதற்குத்தான். ஒரு மனுஷன் தன் தங்கச்சி பேரை ஒருமுறை எழுத வேண்டும் என்பதற்காக, நாங்கள் ஆறு பேர் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. சொன்னேன். அண்ணன் போய்விட்டதைச் சொன்னேன். புத்தகம் என் பையில் கிடந்ததைச் சொன்னேன். அனுப்பிவிட்டேன் என்றது பொய் என்றும் சொன்னேன்.

அவர் அழவில்லை. கையில் இருந்த தேதி முத்திரையை எடுத்து, மேஜையில் இருந்த கவர்களுக்கு ஒவ்வொன்றாகக் குத்தினார். எல்லாம் தீர்ந்த பிறகு கேட்டார்.

"எத்தன நாள் வச்சிருந்தீங்க?"

"நாப்பத்தெட்டு நாள் மேடம்."

"அப்ப இந்தக் கவரு?"

"அவரு முன்னாடியே எழுதி வச்சிருந்தாரு. புக்கு வந்தா ஒடனே போடணும்னு."

"புக்கு கைக்கு வரதுக்கு முன்னாடியா?"

"ஆமா மேடம்."

அந்தக் கவரை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தன் பேரைத் தடவினார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். "சரி, போயிட்டு வாங்க" என்றார். பின்னால் ஆள் யாரும் இல்லை, அதனால் அடுத்தாளு வாங்க என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஸ்டாம்ப் வேண்டுமென்றால் டவுனுக்குப் போனேன். ஐந்து மாதம் கழித்து, அறந்தாங்கி நர்ஸிடமிருந்து அதே ஒட்டாத கவர் வந்தது. புத்தகத்தை விரித்து முகவரிப் பட்டியலைப் பார்த்தேன். ஏழாவது முகவரி இல்லை. அதை அடிக்கவில்லை, வெள்ளைத்தாள் வெட்டி அதன்மேல் அழகாக ஒட்டியிருந்தார். ஆறாவதாக என் பேர் அப்படியே இருந்தது. இனி நான்தான் கடைசி. படித்துவிட்டு நானே அவர் பேரை எழுதி அவருக்கு அனுப்ப வேண்டும்.

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து முதல்முறையாக முழுசாகப் படித்தேன். தளபதிக் கழுதை சபையில் எழுந்து நின்று, எனக்கு மாலை போட்டீர்கள், மகுடம் வைத்தீர்கள், புல் எங்கே என்று கேட்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் கருகருவென்று பழைய புள்ளிகள், ஒரு சுற்றுக்கு ஒன்றாக வரிசையாக. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அங்கே என் புள்ளியை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த இடம் அண்ணன் தங்கச்சி இரண்டு பேருடையது.

என்னவெல்லாமோ எழுத வேண்டும் போலிருந்தது. மன்னிச்சிருங்க என்று ஒரு வார்த்தையாவது. கடிதம் வைக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பிழைதிருத்தம் என்று தலைப்பு. அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில், கழுத்துக்கும் கழுதைக்கும் மேலே, பென்சிலை நன்றாக அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன். கவரில் அவர் பேரைப் பின்கோடு வரைக்கும் எழுதி அன்றைக்கே பெட்டியில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தைரியம் பண்ணிக்கொண்டு போனேன். இரண்டு மாதத்தில் அவருக்கு ரிட்டயர்மெண்ட் என்று வரிசையில் யாரோ பேசிக்கொண்டார்கள். தலை முன்னைவிட நன்றாக நரைத்திருந்தது. என் முறை வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நான் நீட்டிய கவரைத் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார்.

"கடைசிப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கு."

"ஆமா மேடம்."

"கண்ண மூடிக்கிட்டு வச்சதா?"

"இல்ல மேடம். பாத்துத்தான் வச்சேன்."

முத்திரையை எடுத்துக் கவரில் ஒரு குத்துக் குத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

"புக் போஸ்ட்டில கடுதாசி வைக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு எத்தன தடவ சொல்றது" என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்தாளு வாங்க" என்றார்.